நான் போடாத முட்டுக்கட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது முட்டுக்கட்டை என்ற சொல்லைச் சொன்னால், பக்கத்தில் நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். சொன்னவர் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். தண்ணீர்க் குழாய் பதிக்க விடாத அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரரையோ, கல்யாணத் தேதியைத் தள்ளிக்கொண்டே போகும் சம்பந்தியையோ. ஆனாலும் பார்வை என்மேல்தான் விழும். ஒருமுறை பதுளை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் போனில் அந்தச் சொல்லைச் சொன்னபோது, நானே என்னையறியாமல் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நம்மைத் திட்டப் பயன்படும் சொல்லைப் பற்றி நாமே யோசிக்காவிட்டால் வேறு யார் யோசிக்கப்போகிறார்கள். நான் யோசித்திருக்கிறேன். மழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டால் அது தடங்கல். அதற்கு யாரும் பொறுப்பில்லை, மரத்தைப் போய்த் திட்ட முடியாது. ஒரு கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்து, ஆறு மாதம் கழித்துப் புறப்பட்ட மேசைக்கே வந்து சேர்ந்தால் அது இழுத்தடிப்பு. அதிலும் தனியாக ஒருவரைப் பிடித்து நிறுத்த முடியாது. முட்டுக்கட்டை அப்படியல்ல. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் குனிந்து, கையால் எடுத்து, தெரிந்தே போட வேண்டும். இன்னொரு விசேஷமும் உண்டு. தான்தான் போட்டதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எப்போதும் அடுத்தவர்தான் போடுவார். நான்கூட என் விஷயத்தில், “யோசனை சொன்னேன்” என்றுதான் சொல்லி வந்தேன்.

யோசனை சொல்வது எனக்குத் தொழில் மாதிரி. இருபது வருடமாகப் பதுளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். என் மேசைக்கு வரும் விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை, என்ன இல்லை என்றுதான் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தை மாலையில் பஸ் ஏற்றி, அப்புத்தளை தாண்டி, தோட்டத்துக்கும் கொண்டுவந்துவிட்டேன். கோயில் கூட்டத்தில் எல்லாரும் பேசி முடித்து, எல்லாரும் சரி என்று தலையாட்டி, செருப்பைத் தேடத் தொடங்கும் நேரத்தில் நான் கையைத் தூக்குவேன்.

“ஒரு சின்ன விஷயம்.”

அவ்வளவுதான். தேடிய செருப்பை விட்டுவிட்டு எல்லாரும் மறுபடி உட்காருவார்கள். எங்கள் கோயிலில் பத்துப் பேர் சரி என்று சொல்லி ஒருவர் இல்லை என்றாலும் காரியம் நடக்காது. அது சாமி காரியம், ஒரு மனக்குறையும் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தால் அதிகம் பயனடைந்தவன் நான்தான்.

இனி தேர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாரியம்மன் கோயில் மேல் லயங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழ் லயங்கள் மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே போகும் பாதையின் அடியில் இருக்கின்றன. பங்குனித் திருவிழாவில் தேர் மேலிருந்து கீழே போய், ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று, தீபாராதனை வாங்கிக்கொண்டு, மறுநாள் மேலே வரும். மற்ற ஊர்களில் தேரை இழுப்பார்கள். எங்கள் ஊரில் போகும் வழியெல்லாம் இறக்கம் என்பதால் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை, அதுவாகவே போகும். பிரச்சினை அதை நிறுத்துவதில்தான். முன்வடத்தைப் பெண்களும் பிள்ளைகளும் சும்மா பிடித்துக்கொண்டு வருவார்கள், அது ஆசைக்கு. பின்னால் இன்னொரு வடம் கட்டி, பலசாலிகளாகப் பார்த்து முப்பது பேரை நிறுத்தி, குதிகாலை மண்ணில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கச் சொல்வோம். முன் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைக்க இரண்டு பேர். ஆப்பு மாதிரி செதுக்கிய பலாக்கட்டை, அதற்கு நீளமாக ஒரு பிடி. என்னைத் திட்டும் சொல்லுக்கு உரிய பொருள் அதுதான். கோயில் அறையில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மரியாதையாக ஒரு மூலையில் சாய்த்து வைத்திருப்பார்கள்.

நாலு வருடத்துக்கு முன்பு பெய்த மழையில் கீழ்ப் பாதையின் ஓரக் கல்லணை பிதுங்கிவிட்டது. அந்த வருடக் கூட்டத்தில் நான் ஒரு சின்ன விஷயம் சொன்னேன், தேர் மேல் லயங்களோடு நின்றது. அதில் யாருக்கும் குறையில்லை. அடுத்த வருடம் கல்லணையைக் கட்டிவிட்டார்கள். நான் சக்கரத்து ஆணிகளைப் பற்றிக் கேட்டேன். ஆணியை மாற்றினார்கள், அந்த வருடமும் தேர் கீழே இறங்கவில்லை. அதற்கடுத்த வருடம் தோட்ட அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டேன். இதுவரை யாரும் தேருக்குக் கடிதம் வாங்கியதில்லை, நான் கேட்ட பிறகு அது இல்லாமல் போகவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. கடிதம் வர நாளானது. அதற்குள் திருவிழா முடிந்துவிட்டது.

இதெல்லாம் வம்புக்குச் சொன்னதா என்று என் மனைவி கேட்பாள். பாதிக்குப் பாதி வம்புதான், மறைக்க மாட்டேன். ஆனால் என் பட்டியலில் ஒன்று மட்டும் வம்பு இல்லை. மூன்றாவது வருடக் கூட்டத்துக்கு ஒன்பது விஷயங்களை வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஏழாவது இது: வாசலில் தேர் நின்று தீபம் காட்டும்போது பின்வடத்தை யார் பிடிப்பார்கள். கூட்டத்தில் நாலாவதிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏழாவதை வாசிக்கும்போது என் குரலே எனக்குக் கேட்கவில்லை. முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். அலுவலகத்துப் பழக்கத்தில், எளிதானதை முதலில் எழுதிவிட்டேன்.

தேர் கீழே போகாததால் கீழ் லயத்துக்காரர்கள் என்மேல் கோபப்பட்டார்கள். எல்லார் கோபத்தையும் நான் தாங்கிக்கொள்வேன், ஒருவருடையதைத் தவிர. என் அக்கா கீழ் லயத்தில்தான் இருக்கிறாள். கடைசி லயம், கடைசி வீடு. அதற்குக் கீழே, தேர் இரவு தங்கும் கொட்டகை மட்டும்தான். அம்மா போன பிறகு எனக்கு இருக்கும் ஒரே உடன்பிறப்பு. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பே வாசலைச் சாணி போட்டு மெழுகி, மாவிளக்குக்குப் பச்சரிசி இடித்து வைத்துக் காத்திருப்பாள். மூன்றாம் வருடமும் தேர் வரவில்லை என்றானதும், மாவிளக்குத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். கோயிலுக்குப் போகவில்லை. என் வீட்டு வாசலில் வைத்தாள். “சாமிய வாசலுக்கு வரவுடாத தம்பி எனக்குத் தேவையில்ல” என்று என் மனைவியிடம் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தும். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பேச்சை நிறுத்தினாலும் சமைப்பதை நிறுத்தவில்லை, அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழேயிருந்து தூக்குவாளி வரும். கருவாட்டுக் குழம்பு, சில நாள் பலாக்கொட்டைப் பிரட்டல். கூடவே கட்டளையும் வரும்.

“அண்ணி சொல்லிட்டாங்க, இது எனக்கும் புள்ளைகளுக்கும் மட்டுமாம்” என்பாள் மனைவி.

“அவ சொன்னா நீ கேக்கணுமா?”

“பெரியவங்க சொன்னாக் கேக்கணுங்க. நீங்கதான் எல்லாத்துக்கும் எழுத்துல கேப்பீங்க. வேணும்னா அவங்கள்ட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க.”

என் வீட்டில், என் தட்டுக்கு எதிரில், என் அக்கா வைத்த குழம்பை மற்றவர்கள் சாப்பிட, நான் பருப்பும் சம்பலும் சாப்பிட்டேன். ஒரு வருட ஞாயிறுகள். ஒருநாள் அடுப்படியில் யாருமில்லாதபோது வாளியின் அடியைத் துடைத்துத் தின்றிருக்கிறேன். அக்காவின் கைப்பக்குவம் அதில் இருந்தது, கோபமும் கொஞ்சம் இருந்த மாதிரிதான் பட்டது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அழுகை வந்தது. அந்த நிமிடம் முடிவு செய்தேன்: அடுத்த வருடம் தேர் கீழே போக வேண்டும், அவள் என்னோடு பேச வேண்டும்.

அந்தக் கூட்டமும் வந்தது. புதுத் தலைவர் திரீவீல் ஓட்டும் இளைஞர், பேச்சில் கெட்டிக்காரர். கல்லணை, ஆணி, கடிதம் மூன்றையும் சரிபார்த்துவிட்டு, “இந்த வருசம் தேர் கீழ போகுது” என்றார். எல்லாரும் சரி என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“அண்ணனுக்கு ஒண்ணுமில்லயா?” என்றார் தலைவர்.

“ஒண்ணுமில்ல” என்றேன். பிறகும் மனம் கேட்கவில்லை. “பின்வடம் மட்டும்...”

சிரிப்புச் சத்தத்தில் மண்டபத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. தலைவர் சிரிக்கவில்லை. கோயில் அறைக்குள் போய் ஒரு கட்டையை எடுத்து வந்து, இரண்டு கையாலும் பிரசாதம் கொடுப்பதுபோல என்னிடம் நீட்டினார்.

“வழக்கமா கட்ட போடுறவருக்கு முழங்கால் வலி. இத்தன வருசம் நீங்க வாயால போட்டீங்க. இந்த வருசம் கையால போடுங்கண்ணே.”

வாங்காவிட்டால் மறுபடி குறுக்கே நின்றதாக ஆகும். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மனைவி கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “பொருத்தந்தான்” என்று மட்டும் சொன்னாள்.

திருவிழா அன்று பின்னேரம் தேர் புறப்பட்டது. மூடுபனி கீழேயிருந்து ஏறி வந்து பாதி மலையில் நின்றுகொண்டது. இடது சக்கரத்துக்கு நான், வலது சக்கரத்துக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தும் ஒருவர். வேட்டியை மடித்துக் கட்டி, முதுகை வளைத்து, சக்கரத்துக்கு முன்னால் பின்னோக்கி நடக்க வேண்டும். தலைவர் விசில் அடித்தால் கட்டையைச் செருக வேண்டும், இரண்டு தரம் அடித்தால் உருவ வேண்டும். உருவுவது நினைத்தமாதிரி எளிதல்ல. தேரின் கனம் முழுக்கக் கட்டைமேல் ஏறி நிற்கும். பின்வடத்துக்காரர்கள் ஒரு சாண் மேலே இழுத்துக் கொடுத்தால்தான் கட்டை வெளியே வரும். முதல் வளைவிலேயே என் உள்ளங்கை தோல் உரிந்தது. லயத்துப் பிள்ளைகள் என் பின்னால் நடந்துகொண்டு, “கட்ட மாமா, பாத்து மாமா” என்று கத்தினார்கள். இருபது வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைக்காத உபசாரம்.

முதல் இரண்டு லயங்களில் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே பாதை கொஞ்சம் சமமாக இருக்கும். தீபாராதனை நேரத்தில் எல்லாரும் கைகூப்பினார்கள், தேர் நின்ற இடத்தில் நின்றது. ‘உன் ஏழாவது விஷயமும் வம்புதான்’ என்று எனக்கே தோன்றிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

கடைசி லயத்தில்தான் சரிவு அதிகம். அக்கா வீட்டு வாசலுக்கு நேரே விசில் கேட்டது. கட்டையைச் செருகி, முழங்காலிட்டு, பிடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். தலையை நிமிர்த்தினால் அக்கா தெரிந்தாள். நீலச் சேலை, கையில் மாவிளக்குத் தட்டு. என்னைப் பார்க்கவில்லை, அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரி தட்டில் கற்பூரத்தைப் பற்றவைத்தார். மணி அடித்தது, மேளம் எழுந்தது.

முப்பது பேரும் வடத்தை விட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தீபம் காட்டும்போது வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. தொட்டிலில் இருக்கும் பிள்ளையைக்கூடத் தூக்கிக் கைகூப்ப வைப்பவர்கள். வலது பக்கத்து இயந்திரக்காரர் எழுந்து நின்று, கண்ணை மூடி, கையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார். அவர் செருகிய கட்டை ஈர மண்ணில் வழுக்கியது. தேர் என்னை நோக்கி ஒரு சாண் வந்தது. மேலே அம்மன் ஒருபக்கம் சாய்ந்து ஆடினாள், மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. கூட்டம் குலவையிட்டது. “ஆத்தா அசஞ்சு குடுத்துட்டா” என்று யாரோ அழுதார்கள். அசைந்தது ஆத்தா இல்லை, இறக்கம். அதைச் சொல்ல எனக்கு அப்போது மூச்சு இல்லை. என் கட்டை மட்டும் ஒரு கல்லில் முட்டி நின்றது. நான் நெஞ்சைப் பிடிமேல் வைத்து அழுத்திக்கொண்டு படுத்தேவிட்டேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். தேருக்கு முன்னால் முன்வடத்தைப் பிடித்திருந்த அத்தனை பிள்ளைகளும் நின்றார்கள், என் இரண்டு பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் அம்மனை விட்டுக் கீழே பார்த்தது இரண்டே பேர். ஒருத்தன் நான். இன்னொருத்தி அக்கா. அவள் பார்வை அம்மனிடமிருந்து இறங்கி, மண்ணில் கிடந்த பின்வடத்துக்குப் போய், அங்கிருந்து சக்கரத்துக்கு வந்து, சக்கரத்தடியில் கிடந்த என்னிடம் நின்றது. மாவிளக்குத் தட்டைப் பக்கத்து வீட்டுக்காரியின் கையில் திணித்துவிட்டு, தேரைச் சுற்றி ஓடினாள். வடத்தை எடுத்துத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிகாலை ஊன்றினாள். கண்மூடி நின்ற தன் புருசனை, அதாவது என் மச்சானை, முழங்கையால் ஓர் இடி இடித்தாள். அவர் பதறிக் கண் திறந்து வடத்தைப் பிடித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து மற்றவர். மேளம் ஓய்வதற்குள் முப்பது பேரும் பிடித்துவிட்டார்கள். என் நெஞ்சுக்கடியில் கட்டை இளகியது.

நடந்தது என்னவென்று தலைவருக்குத் தெரியாது. அவர் முன்பக்கம் பூசாரியோடு நின்றிருந்தார். தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து, விசிலை எடுத்தார்.

“கட்டைய எடுங்கண்ணே. இருட்டுறதுக்குள்ள தேரக் கொட்டகைல வுடணும்.”

“ஒரு சின்ன விஷயம்” என்று குரல் கேட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பழக்கதோஷம். நான் வாயைத் திறக்கவே இல்லை. குரல் தேருக்குப் பின்னாலிருந்து வந்தது.

“என்னங்கக்கா?” என்றார் தலைவர்.

“எங்க தம்பி இன்னும் சாமி கும்புடல” என்றாள் அக்கா. வடம் இன்னும் அவள் இடுப்பில் இருந்தது. “நீங்கள்லாம் கயித்த வுட்டுட்டுக் கும்புட்டீங்க. அவன் கட்டைய வுடல. எல்லாரும் கயித்தப் புடிங்க. பூசாரி இன்னொரு தரம் சூடம் காட்டட்டும். அவன் கும்புட்டப்பெறகு தேரு நகரும்.”

பின்வடத்து ஆட்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். இயந்திரக்காரர் தன் கட்டை கிடந்த இடத்தையும், அது இருந்திருக்க வேண்டிய இடத்தையும் பார்த்தார். அதில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. தலைவரும் அதைப் பார்த்தார். கெட்டிக்காரர் என்று சொன்னேனே, அவருக்கு என் ஏழாவது விஷயம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்து, என் பக்கத்தில் முழங்காலிட்டு, கட்டையின் பிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பூசாரி மறுபடி கற்பூரம் ஏற்றினார். எனக்காக மட்டும். உரிந்த கையைக் கூப்பினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்கு வேண்டியது பின்வடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அதோடு தேர் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. அக்கா மாவிளக்கை எல்லாருக்கும் பிட்டுக் கொடுக்க வேண்டும் என்றாள். பிறகு தேநீர் கொதிக்கிறது என்றாள். பிறகு மூன்று வருடம் வராத சாமி மூன்று வருடத்துக்கும் சேர்த்து நிற்கட்டும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையைத் தூக்கி, ஒரு சின்ன விஷயம் என்றுதான் ஆரம்பித்தாள். ஒரு மனக்குறையும் இருக்கக்கூடாது என்ற எங்கள் வழக்கம் எவ்வளவு தொல்லையானது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நானோ அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக, வெளிச்சத்தில், தட்டில் போட்டு, அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விரத நாள் என்பதால் கருவாடு இல்லை, கத்தரிக்காய். குறையொன்றுமில்லை.

அடுத்த கூட்டத்தில், திருவிழாக் குறிப்பை நான்தான் எழுதினேன். எழுத்து வேலை என்றால் அது எப்போதும் என் தலையில்தான் விழும். கடைசி லயத்தில் தேர் அதிக நேரம் நின்றதை எப்படி எழுதுவது என்று தலைவர் யோசித்தார்.

“சிறு தடங்கல்னு போடுங்கண்ணே. யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்.”

நான் ‘சிறு’ என்று எழுதிவிட்டேன். அதற்குள் பெண்கள் வரிசையில் அக்கா கையைத் தூக்கினாள்.

“தடங்கல் என்னா தடங்கல். மழ பேஞ்சிச்சா, மரம் வுழுந்துச்சா? முட்டுக்கட்டன்னு எழுது. நாந்தான் போட்டேன்னு எழுது.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்படியே எழுதினேன்.